மூன்றும் ஏழும்

ஜனவரி 6, திங்கள்

பன்னிரண்டாவது நேர்முகத் தேர்வு. இதற்கு முந்தைய பதினொன்றிலும் கேட்ட அதே கேள்விதான் முதல் கேள்வி: "கெமிஸ்ட்ரி படிச்சிட்டு ஃபைனான்ஸுக்கா?" ஏதோ நான் வழி தவறி வந்துவிட்டது போல, பஸ் ஸ்டாண்ட் அந்தப் பக்கம் என்று கை காட்டாத குறை.

அதற்கு முன்னால் எழுத்துத் தேர்வு. "ஒரு பாண்டின் ஈல்டு எட்டு சதவீதம். உங்கள் கருத்து?" என்று ஒரு கேள்வி. நான் யோசிக்கவே இல்லை. "மிக மோசம். எழுபது சதவீதமாவது வர வேண்டும். செய்முறையில் எங்கோ தவறு, மறுபடி செய்து பார்க்க வேண்டும்" என்று எழுதிவிட்டு வந்தேன். ஆய்வகத்தில் ஈல்டு என்றால் போட்டதில் எவ்வளவு விளைந்தது என்பதுதானே! எட்டு சதவீதம் வந்தால் என் சீனியர்கள் அழுதுவிடுவார்கள். இவர்கள் ஊரில் எட்டு என்றால் வட்டி, அதுவும் நல்ல வட்டி என்று வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது.

உள்ளே ரெஜினா மேடம் என்று ஒருவர். ரிஸ்க் பிரிவின் தலைவி, நாகர்கோவில்காரர். என் விடைத்தாளைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் திடீரென்று, "மக்காச்சோளம் மூட்டைக்குள்ள எதுக்கு சூடாகுது?" என்றார்.

"ஈரம் இருந்தா அதுக்கு உயிர் இருக்கு மேடம். மூச்சு விடும். மூச்சு விட்டா சூடு வரும். சூடு வந்தா இன்னும் வேகமா மூச்சு விடும்."

"இந்த ஆபீஸ்ல முப்பது பேருக்கு பேலன்ஸ் ஷீட் தெரியும். இது ஒருத்தனுக்கும் தெரியாதாக்கும்" என்றார்.

ஆராய்ச்சியை ஏன் விட்டாய் என்றும் கேட்டார். மெஷின் கெட்டுப்போனது, நாள் இழுத்தது, எனக்கும் நடைமுறை வேலையில் ஆர்வம் வந்தது என்று சொன்னேன். எல்லாம் உண்மைதான்.

ஜனவரி 8, புதன்

கிடைத்துவிட்டது! கதிர்மணி ஃபைனான்ஸ், கிண்டி. மார்ச் முடியும்வரை சோதனைக் காலம். அதற்குள் உருப்படியாக இருந்தால் ஏப்ரல் ஒன்றாம் தேதி நிரந்தரம்.

ஒரே ஒரு முள். கடைசியாக இருந்த இடத்திலிருந்து ரிலீவிங் லெட்டர் வேண்டுமாம். "முறைப்படி உங்களை விடுவிச்சாங்கன்னு ஒரு பேப்பர் மேடம், அவ்வளவுதான்" என்றார் எச்.ஆர். பிரசன்னா. நான் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்தில், முறைப்படி எதுவும் செய்யவில்லை. அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தவள் திரும்பிப் போகவில்லை. "கொண்டுவந்து தருகிறேன்" என்று சொல்லிவைத்தேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ஹாஸ்டலில் குக்கரில் பொங்கல் வைத்தோம். ஷமீமாவும் நானும்தான். ஷமீமா என் அறைத் தோழி, ஆம்பூர்க்காரி. ஆடிட்டர் ஒருவரிடம் பயிற்சியில் இருக்கிறாள். முந்திரி போடுவதில் கை தாராளம்.

அம்மா கோவில்பட்டியிலிருந்து போன். "என்னட்டி, பொங்கலுக்குக்கூட வர முடியாத அளவுக்கா டாக்டருக்குப் படிக்க? பக்கத்து வீட்டுல கேக்காவ." நான் இன்னும் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பதாகத்தான் அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு ப்ராஜெக்டுக்காகச் சென்னை வந்திருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். ஏப்ரலில் நிரந்தரமான பிறகு ஒரேயடியாகச் சொல்லிக்கொள்ளலாம்.

பையைச் சுத்தம் செய்தபோது பச்சைக் கயிறு கட்டிய ஒரு சாவி கிடைத்தது. ஹாஸ்டல் அலமாரிக்குப் பொருந்தவில்லை, வீட்டுச் சாவியும் இல்லை. தூக்கிப் போட மனமில்லாமல் பென்சில் டப்பாவில் போட்டேன்.

ஜனவரி 20, திங்கள்

முதல் நாள். கம்பெனி என்ன செய்கிறது என்பதை இன்றுதான் ஒழுங்காகப் புரிந்துகொண்டேன். அறுவடை நேரத்தில் விலை விழுந்து கிடக்கும். விவசாயி மக்காச்சோளத்தை விற்காமல் கிடங்கில் வைப்பார். அந்த மூட்டைகளை ஈடாக வைத்து இவர்கள் கடன் கொடுப்பார்கள். விலை ஏறினதும் விற்றுக் கடனை அடைத்துக்கொள்ளலாம். ஆக, மூட்டைக்குள் இருப்பது கெட்டுப்போகாமல் இருக்கும்வரைதான் எல்லாம். அதனால் கிடங்கு மேற்பார்வையாளர்கள் ஈரப்பதத்தை மீட்டர் வைத்து அளந்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை பதிவேட்டை அனுப்ப வேண்டும். பதினாலு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அந்தப் பதிவேடுகளைப் பார்ப்பதுதான் என் வேலை.

மற்ற சொற்களுக்கு ஷமீமா இருக்கிறாள். பாண்ட் என்றால் கடன் பத்திரம், அணுக்கள் கை கோத்துக்கொள்வது இல்லை. லிக்விடிட்டி என்றால் கையில் புரளும் பணம், தண்ணீர் இல்லை. வாலட்டைல் என்றால் விலை தாறுமாறாக ஏறி இறங்குவதாம்; எங்கள் ஆய்வகத்தில் அது ஆவியாகிப் பறந்துவிடும் திரவம். "வாலட்டைல்னா மூடி வைக்கணுமா?" என்று கேட்டேன். "ஏய், உன்னை எப்படிடி வேலைக்கு எடுத்தாங்க?" என்று தலையணையை எடுத்து அடித்தாள்.

ஜனவரி 31, வெள்ளி

சங்கரவடிவு மேடத்திடமிருந்து மூன்றாவது தடவையாகப் போன். எடுக்கவில்லை.

பிப்ரவரி 5, புதன்

சங்கரவடிவு மேடம் யார் என்று ஷமீமா கேட்டாள். திரையில் பெயரைப் பார்த்துவிட்டாளாம். என் ஆராய்ச்சி வழிகாட்டி என்றேன். "அவங்கதானே லெட்டர் தரணும்? அவங்களே கூப்பிடுறாங்க, எடுக்காம உக்காந்திருக்கே. லூசா நீ?" என்றாள். மீட்டிங்கில் இருந்தேன் என்றேன். வெள்ளிக்கிழமை ராத்திரி என்ன மீட்டிங் என்று அவள் கேட்கவில்லை. ஆனால் ஒரு மாதிரி பார்த்தாள்.

துணி துவைத்தேன். சோப்புத் தீர்ந்துவிட்டது. பிரசன்னா லெட்டரை ஞாபகப்படுத்தினார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

உடுமலைப்பேட்டை இரண்டாம் கிடங்கின் பதிவேடு வந்தது. அறுபது அளவுகள். 12.7, 13.3, 12.3, 13.7, 12.9, 13.3... எல்லாம் பதினாலுக்குள். கையெழுத்து முத்து முத்தாக. எனக்கு முன்னால் பார்த்தவர்கள் இந்தக் கிடங்கின் பழைய பதிவேடுகளுக்குப் பச்சை டிக் போட்டு வைத்திருக்கிறார்கள். மூன்று பதிவேடுகளாக இந்தக் கிடங்குக்குத்தான் நல்ல பெயர்.

நான் படித்துக்கொண்டே வந்தேன். பாதியில் நிறுத்தினேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, கடைசி இலக்கங்களை மட்டும் எண்ணினேன். மூன்றில் முடிவது பத்தொன்பது. ஏழில் முடிவது இருபத்தொன்று. ஐந்தில் ஒன்று. பூஜ்யத்தில் ஒன்றுகூட இல்லை.

மீட்டருக்கு எந்த இலக்கத்தின் மேலும் ஆசை கிடையாது. உண்மையாக அளந்தால் பத்து இலக்கமும் ஏறக்குறைய சமமாக வரும். மனதிலிருந்து எடுத்து எழுதுகிறவர்தான் பூஜ்யத்தையும் ஐந்தையும் கண்டு ஒதுங்குவார், அவை போட்டால் ஜோடித்தது போலத் தெரியும் என்று. மூன்றும் ஏழும்தான் தற்செயலாக வந்ததுபோல இருக்கும்.

அவருக்கு அப்படித் தோன்றியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பது வேறு விஷயம்.

பிப்ரவரி 19, புதன்

ரெஜினா மேடத்திடம் காட்டினேன். ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்தார்.

"இதை எப்படிப் பிடிச்ச?"

"ஸ்டாடிஸ்டிக்ஸ் மேடம்."

"நீ பிடிச்சது தப்பா இருந்தா ஒரு மனுசன் பேரைக் கெடுத்திருக்க, கேட்டியா. சரியா இருந்தா நாப்பது விவசாயியோட சோளம் உள்ள என்ன நெலமைல கெடக்கோ தெரியாது. ரெண்டும் நல்லதில்ல. நாளைக்குக் கெளம்பு, நானும் வாறேன்."

பிப்ரவரி 21, வெள்ளி

நேற்றே வந்து பொள்ளாச்சியில் தங்கி, காலை ஒன்பதுக்குக் கிடங்கில் இருந்தோம். சொல்லாமல்தான் போனோம்.

மேற்பார்வையாளர் பெயர் ஆறுச்சாமி. ஐம்பதை ஒட்டின வயது, சட்டைப் பையில் இரண்டு பேனா. எங்களைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் முதலில் சொன்னது, "வாங்க மேடம், மோர் குடிக்கறீங்களா?" என்பதுதான்.

வெளி வரிசை மூட்டைகளில் குத்தூசியால் குத்தி மாதிரி எடுத்து, நாங்கள் கொண்டுபோன மீட்டரில் போட்டோம். 13.8. கொஞ்சம் மூச்சு வந்தது. உள்வரிசைக்குப் போக நாலு மூட்டையை நகர்த்தச் சொன்னேன். பின்னால் இருந்த மூட்டையின் வாயை அவிழ்த்துக் கையை முழங்கைவரை உள்ளே விட்டேன். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றி போலச் சுட்டது. புளித்த வாசனை வேறு. மீட்டர் 16.9 என்றது. அடுத்ததில் 17.2.

ரெஜினா மேடமும் கையை விட்டுப் பார்த்தார். தங்க வளையலில் தவிடு ஒட்டியது.

"உங்க மீட்டர் எங்க?" என்று கேட்டேன்.

ஆறுச்சாமி மேஜை டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். உறையோடு இருந்தது. "டிசம்பர் கடைசிலயே நின்னுபோச்சுங்க மேடம். மூணு தடவ எழுதிக் கேட்டனுங்க. ஒரு பதிலும் வரலீங்க. இன்னொரு கெடங்கும் நாந்தான் பாக்கறனுங்க, இங்கிருந்து மூணு கிலோமீட்டருங்க. பதிவேடு அனுப்பலைன்னா சம்பளத்தப் புடிப்பாங்க. மூட்டையைப் பாத்தா நல்லாத்தானுங்க இருந்துச்சு. அதான், இவ்வளவுதான் இருக்கும்னு..."

"ஒரு எடத்துலகூட சைபர் போடலையே, ஏன்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சைபர் போட்டா நம்பமாட்டாங்கன்னு தோணுச்சுங்க."

வெளியே போய்க் குழாயில் முகம் கழுவினேன். மேடம் யார் யாருக்கோ போன் போட்டு ஆள் வரவழைத்தார். மத்தியானத்துக்குள் மூட்டைகளைப் பிரித்துக் களத்தில் கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நல்ல வெயில். அதுவரைக்கும் சந்தோஷம்.

பிப்ரவரி 22, சனி

கோவையிலிருந்து பகல் ரயில். மேடம் ஜன்னலோரம் தூங்குகிறார். எழுதிவிடுகிறேன். நாட்குறிப்பிலும் பொய் சொல்லிக்கொண்டு திரிவது எனக்கே சிரிப்பாக இருக்கிறது.

என் ஆராய்ச்சி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு எவ்வளவு இருக்கிறது என்பதைப் பற்றியது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் பல்லும் எலும்பும் கெடும். நாற்பது கிணறுகள். சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு நானே போய்த் தண்ணீர் எடுத்து வந்தேன். முப்பத்துமூன்று கிணறு அளந்து முடித்த நிலையில் கருவியின் எலக்ட்ரோடு செத்துப்போனது. புதியது வாங்க விண்ணப்பம் எழுதினோம். இரண்டு மாதம் வரவில்லை. கருத்தரங்குக்குக் கட்டுரை அனுப்பும் கடைசி நாள் நெருங்கியது. ஒரு மத்தியானம், மிச்சமிருந்த ஏழு கிணறுகளுக்கும் நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே எண் எழுதினேன். 0.73, 0.87, 0.67... பக்கத்து ஊர்க் கிணறுகளை ஒட்டித்தான் எழுதினேன். பெரிதாக மாறாது என்று சமாதானம். சைபர் போடவில்லை.

சங்கரவடிவு மேடம் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்கே" என்றார்கள். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு என்னால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த வாரம் வெள்ளிக்கிழமைதான் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியது.

மெஷின் கெட்டுப்போனது, நாள் இழுத்தது. நேர்முகத் தேர்வில் நான் சொன்னதும் நேற்று ஆறுச்சாமி சொன்னதும் ஒன்றேதான். அவர் பேச்சில் "ங்க" கூடுதல், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த ஏழு கிணற்றுத் தண்ணீரையும் ஜனங்கள் குடிக்கிறார்கள். அட்டவணை நல்ல தண்ணீர் என்கிறது.

பிப்ரவரி 24, திங்கள்

அறிக்கை எழுதினேன். ஆறுச்சாமி மீட்டர் கேட்டு மூன்று முறை எழுதியது உண்மைதானா என்று தேடினேன். மூன்றும் எங்கள் அலுவலகத்து இன்பாக்ஸிலேயே இருந்தன. ஒருவரும் திறக்கவில்லை. தேதிகளோடு அதையும் எழுதினேன். ரெஜினா மேடம் அந்த வரிகளை வெட்டிவிடுவார் என்று நினைத்தேன். ஒரு எழுத்துப் பிழையை மட்டும் திருத்திவிட்டு மேலே அனுப்பினார்.

பிப்ரவரி 27, வியாழன்

உடுமலையிலிருந்து செய்தி. பதினோரு மூட்டை பூசணம் பிடித்து வீண். மற்றதெல்லாம் காய்ந்து தேறிவிட்டது. இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் கிடங்கு முழுக்கப் போயிருக்குமாம். ஆறுச்சாமியை எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டார்கள். புது மீட்டரும், இன்னொரு கிடங்குக்குத் தனியாக ஒரு ஆளும். அப்பாடா.

அலுவலகத்தில் எல்லோரும் கை கொடுத்தார்கள். "சயின்ஸ் படிச்ச மூளை" என்றார் ஒருவர். கூசியது.

மார்ச் 7, வெள்ளி

பிரசன்னா கடைசி அறிவிப்பு கொடுத்துவிட்டார். மார்ச் 31க்குள் ரிலீவிங் லெட்டர் வராவிட்டால் நிரந்தரம் கிடையாது. "எனக்கு உங்க மேல கோவமில்ல மேடம், சிஸ்டம் ஏத்துக்காது." அம்மா அனுப்பிய கடலை மிட்டாயை அவருக்குக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். சிஸ்டம் அதற்கும் மசியவில்லை.

மார்ச் 10, திங்கள்

ரெஜினா மேடத்தின் அறைக்குப் போனேன். ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், அன்னிக்கு ஸ்டாடிஸ்டிக்ஸ்னு சொன்னேன். அது பொய். நானும் ஒருதடவ அப்படி எழுதியிருக்கேன். அதனாலதான் பாத்ததும் தெரிஞ்சது." கிணறு, எலக்ட்ரோடு, ஏழு எண் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் ஒரு சுளையை வாயில் போட்டு மென்றார்.

"அந்தத் தண்ணிய ஆளுக குடிக்காவளா?"

"ஆமா மேடம்."

"அப்போ என்கிட்ட வந்து எதுக்காக்கும் சொல்லுத? அங்க சொல்லு." இன்னொரு சுளை. "லெட்டர் இல்லாம நானும் ஒண்ணும் செய்ய முடியாது, கேட்டியா. அவங்க தரமாட்டேன்னு சொன்னா, அது அவங்க இஷ்டம்."

வேலை போனாலும் போகட்டும் என்று ஒரு நிமிடம் தைரியமாகத் தோன்றியது. அடுத்த நிமிடம் தோன்றவில்லை. இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. மூட்டைக்குள் கையை விடுவது, எண்களுக்குள் மூக்கை விடுவது இரண்டுமே பிடித்திருக்கிறது. போனால் நிஜமாகவே அழுவேன்.

மார்ச் 11, செவ்வாய்

போன் போட்டேன். ஒருமுறை மணி அடித்ததும் வைத்துவிட்டேன்.

மார்ச் 12, புதன்

மத்தியானச் சாப்பாட்டு நேரம். மொட்டை மாடி. ஷமீமா தன் ஆபீஸிலிருந்து, "இப்போ நீ பேசலைன்னா நானே அவங்களுக்குப் போன் பண்ணி நீ செத்துட்டேன்னு சொல்லிடுவேன்" என்று மெசேஜ் அனுப்பியிருந்தாள். போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"ஏ செண்பகம்! உயிரோடதான் இருக்கியா நீ? ஏட்டி, அந்தச் சாவிய எங்க வச்சிருக்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்தச் சாவி மேடம்?"

"பச்சக் கயிறு போட்ட சாவி! கெமிக்கல் பீரோ சாவி! அத நீ பையில போட்டுட்டுப் போயிட்ட. அக்டோபர்ல இருந்து நான் பக்கத்து டிப்பார்ட்மெண்டுல போயி கரண்டி கரண்டியா உப்பு கடன் வாங்கிட்டு அலையுதேன். உடைக்கதுக்கு ஆர்டர் வாங்கணும்னா நாலு கையெழுத்து வேணும். எத்தன தடவ போன் போடுதது?"

இத்தனை மாதம் நான் ஓடி ஒளிந்தது ஒரு பீரோ சாவிக்காகவா! சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அதை அடக்கப் போய் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். "மேடம், அந்தக் கடைசி ஏழு கிணறு... நான் அளக்கல மேடம். நானா எழுதினேன்."

அந்தப் பக்கம் மேடம் மின்விசிறியை நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"தெரியும்" என்றார்கள்.

"தெரியுமா?"

"நீ போன மறுவாரமே ஒன் நோட்ட எடுத்துப் பாத்தேன். மத்த பக்கமெல்லாம் தண்ணி பட்டு, மை கலஞ்சு, கறையும் கோலமுமா கெடக்கு. அந்த ஏழு மட்டும் கல்யாணப் பத்திரிக மாதிரி இருக்கு. ஏமாத்துதவளுக்குக் கொஞ்சம் தண்ணியாவது தெளிக்கத் தெரிய வேண்டாமா? கட்டுரைய அனுப்பாம நிறுத்திட்டேன். எலக்ட்ரோடு நவம்பர்ல வந்துச்சு. நானே ஏழு ஊருக்கும் போயி எடுத்துட்டு வந்து அளந்தேன். இந்த முட்டிய வச்சுக்கிட்டு."

"எப்படி வந்திச்சு மேடம்?"

"அஞ்சு நல்ல தண்ணி. ரெண்டுல கூடுதல். ஊராட்சியில சொல்லி அந்த ரெண்டு ஊருக்கும் இப்போ வேற எடத்துல இருந்து குழாய்த் தண்ணி வருது. பயப்படாத."

இரண்டு. நான் நல்ல தண்ணீர் என்று எழுதிய இரண்டு. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அந்த இரண்டும் மனதை அறுத்தது. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் இப்போது அதைக் குடிக்கவில்லை என்ற நினைப்பு வந்ததும் அக்டோபரிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் எழுந்து போனதை நிஜமாகவே உணர்ந்தேன். மேலே பார்த்தேன். வானம், ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டு புறா. எல்லாமே நன்றாக இருந்தன.

"கோவமா மேடம்?"

"கோவம் இல்லாம இருக்குமா? அளக்க முடியலைன்னு ஒரு கோடு போட்டிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்? செய்தது தப்பு. அத நீ வாயால சொல்லதுக்கு அஞ்சு மாசம் ஆயிருக்கு. சரி, இப்போ எதுக்குப் போன் போட்ட?"

ரிலீவிங் லெட்டர் என்றேன்.

"சாவிய நேர்ல கொண்டா. அப்புறம் பேசுவோம்."

மார்ச் 15, சனி

திருநெல்வேலி போய்வந்தேன். ஆய்வகம் அதே வாசனை. சாவியைக் கொடுத்ததும் மேடம் முதலில் பீரோவைத்தான் திறந்தார்கள். உள்ளே என் டிபன் பாக்ஸ் ஒன்று இருந்தது. காலிதான், கடவுள் புண்ணியம்.

என் நோட்டை மேஜையில் வைத்து, அந்த ஏழு எண்களையும் என் கையாலேயே கோடு போட்டு அடிக்கச் சொன்னார்கள். அடித்து, பக்கத்தில் "அளக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே அவர்கள் கையெழுத்தில் உண்மையான ஏழும் இருந்தன. அதில் ஒன்று 1.90, இன்னொன்று 2.00. சைபரில் முடிந்த இரண்டும்தான் கெட்ட தண்ணீர்.

துறைத்தலைவரிடமும் சொன்னார்கள். என் முன்னாலேயே, எதையும் மறைக்காமல். அவர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்துவிட்டு, "பதிவை ரத்து செஞ்சுக்கோங்க. இனிமே இந்தப் பக்கம் ஆராய்ச்சி கிடையாது" என்றார். சரி என்றேன். நியாயம்தான்.

கடிதம் மூன்றே வரி. "செல்வி செண்பகவல்லி இத்துறையில் இரண்டாண்டுகள் ஆராய்ச்சி மாணவியாக இருந்தார். தமது பதிவேட்டில் இருந்த பிழைகளைத் தாமே தெரிவித்துத் திருத்தினார். பீரோ சாவி ஒன்றும் பெற்றுக்கொள்ளப்பட்டு, இன்றுமுதல் விடுவிக்கப்படுகிறார்."

"பிழைகள்னு இருக்கே மேடம், ஆபீஸ்ல கேப்பாங்களே" என்று இழுத்தேன்.

"கேட்டா சொல்லு" என்றார்கள். காபி வாங்கிக் கொடுத்தார்கள்.

மார்ச் 17, திங்கள்

கடிதத்தைப் பிரசன்னாவிடம் கொடுத்தேன். இரண்டாவது வரியை இரண்டு முறை படித்துவிட்டு ரெஜினா மேடத்திடம் எடுத்துப்போனார். நான் என் மேஜையில் பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் கழித்து மேடமே வந்தார்.

"அந்தத் தண்ணி?"

"ரெண்டு ஊர்ல கூடுதல் மேடம். வேற தண்ணி குடுத்தாச்சு."

"ம்" என்றார். கடிதத்தில் 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று எழுதித் தேதி போட்டார். "பீரோ சாவிக்கெல்லாம் லெட்டர்ல இடம் குடுத்தது நான் இப்போதான் பாக்கேன்."

ஏப்ரல் 1, செவ்வாய்

நிரந்தரம்! ஷமீமா பிரியாணி வாங்கித் தந்தாள், ஆம்பூர்ப் பிரியாணி மாதிரி இல்லை என்று கடைசிப் பருக்கைவரை திட்டிக்கொண்டே.

அம்மாவிடம் சொன்னேன். டாக்டர் பட்டம் இல்லை, சென்னையில் வேலை என்று. ஏன் என்பதையும் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "பக்கத்து வீட்டுல என்னன்னுட்டி சொல்லட்டும்?" என்றாள். "மக்காச்சோளத்துக்கு டாக்டர்னு சொல்லும்மா" என்றேன். அம்மா சிரித்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

ஏப்ரல் 9, புதன்

உடுமலைப்பேட்டை. இனிமேல் மாதம் ஒருமுறை நேரில் பார்ப்பது என் பொறுப்பு. ஆறுச்சாமி மோர் கொடுத்தார். இந்தத் தடவை குடித்தேன். புது மீட்டரைத் துண்டில் சுற்றி வைத்திருக்கிறார். பதிவேட்டில் சோளத் தவிடு, விரல் கறை, ஒரு பக்கத்தில் மோர் சிந்தின வட்டம். பார்க்கவே நிம்மதியாக இருந்தது.

உள்வரிசை, பின்மூலை, அன்று கை சுட்ட அதே இடம். கையை விட்டேன். குளுமையாக இருந்தது. அவர் மீட்டரை அழுத்திப் பார்த்தார். முகம் மாறியது. மறுபடி அழுத்தினார். பேனாவைத் திறந்தவர் எழுதாமல் என்னைப் பார்த்தார்.

"மேடம், சைபர்ல வருதுங்க. பதிமூணு புள்ளி சைபர். எழுதட்டுங்களா?"

"எழுதுங்கண்ணே" என்றேன்.

எழுதினார். 13.0.